சி மொழியின் தரநிலை ஆவணத்தை விலை கொடுத்து வாங்கத்தான் வேண்டுமா?

கேள்வி: வள்ளியூர்ப் பட்டறை

அனைவருக்கும் வணக்கம். வள்ளியூரில் ஒரு சிறிய பட்டறை நடத்தி வருகிறேன். கிணற்று மோட்டார்களுக்கான கட்டுப்பாட்டுப் பலகைகளைச் செய்து தருகிறோம். கிணற்றில் தண்ணீர் வற்றிய பிறகும் மோட்டார் வெறுமனே ஓடிக் கெட்டுப்போகாமல், அது இழுக்கும் மின்னோட்டத்தை அளந்து, ஓர் அளவுக்குக் கீழே இறங்கியதும் நிறுத்திவிடுவதுதான் பலகையின் முதன்மையான வேலை. களக்காட்டு வாழைத் தோட்டங்கள் பலவற்றில் எங்கள் பலகை ஓடிக்கொண்டிருக்கிறது. உள்ளே இருக்கும் நிரல் முழுவதும் சி என்ற நிரல்மொழியில் எழுதப்பட்டது.

இப்போது வெளியூர் நிறுவனம் ஒன்று எங்கள் பலகைகளை மொத்தமாக வாங்க முன்வந்திருக்கிறது. அவர்கள் அனுப்பிய தர ஆய்வுப் படிவத்தில், நிரல் எந்த மொழித் தரநிலையின் எந்தப் பதிப்பின்படி எழுதப்பட்டது, அந்த ஆவணம் எங்கள் கைவசம் இருக்கிறதா என்று இரண்டு கேள்விகள் உள்ளன. தேடிப் பார்த்தபோது, சி மொழிக்காகப் பன்னாட்டுத் தர அமைப்பான ஐஎஸ்ஓ வெளியிடும் 9899 என்ற ஆவணத்தின் விலை சுவிஸ் பிராங்கில் இருநூறுக்கு மேல் என்று தெரிந்தது. நம் பணத்தில் இருபதாயிரம் ரூபாயைத் தாண்டுகிறது. அதுவும் ஒரே ஒருவர் பயன்படுத்துவதற்கான பிடிஎஃப் கோப்பு; பட்டறைக் கணினிகளில் பொதுவாகப் போட்டு வைக்க அந்த உரிமத்தில் இடமில்லை. எங்களைப் போன்ற பட்டறைக்கு இது ஒரு நல்ல அலைக்காட்டியின் விலை.

படிவத்துக்காக மட்டும் கேட்கவில்லை. ஆவணம் உண்மையிலேயே தேவைப்படும் ஒரு சிக்கலும் இருக்கிறது. உணரியிலிருந்து வரும் அளவீடு 0 முதல் 1023 வரை இருக்கும். அதை 40ஆல் பெருக்கினால் மில்லியாம்பியர் கிடைக்கும். பழைய எட்டு பிட் சில்லில், மோட்டார் கிளம்பும் நேரத்தில் மின்னோட்டம் ஏறும்போது, இந்தப் பெருக்கல் சில வேளைகளில் எதிர்மறை எண்ணைத் தருகிறது; பலகை அதைத் தண்ணீர் இல்லாத நிலை என்று எடுத்துக்கொண்டு மோட்டாரை நிறுத்திவிடுகிறது. அதே வரியைப் புதிய 32 பிட் சில்லுக்கு மொழிமாற்றினால் விடை சரியாக வருகிறது. பழைய சில்லின் கம்பைலரில், அதாவது நிரலைச் சில்லுக்குப் புரியும்படி மாற்றித் தரும் மென்பொருளில், பிழை என்று என்னோடு வேலை செய்யும் தம்பி உறுதியாகச் சொல்கிறார். எனக்கு அப்படித் தோன்றவில்லை. எது சரி என்பதை மொழியின் விதியைப் பார்த்துத்தான் தீர்க்க முடியும். இணையத்தில் ஆளுக்கொன்று சொல்கிறார்கள்.

ஆகவே, இந்த ஆவணத்தை முழு விலை கொடுத்து வாங்குவதைத் தவிர வேறு வழி உண்டா, உண்டென்றால் அதை நம்பி ஒரு நிறுவனத்துக்குப் பதில் எழுதலாமா என்பதை அனுபவமுள்ளவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

பதில்: கங்கைகொண்டான் நிரலர்

அண்ணாச்சிக்கு வணக்கம். முதலில் பெருக்கல் சிக்கலை முடித்துவிடுவோம், ஏனென்றால் அதற்கு ஒரு ரூபாய்கூடச் செலவழிக்க வேண்டியதில்லை.

சி மொழியில் சாதாரண முழு எண் வகை குறைந்தது 32767 வரை பிடிக்க வேண்டும் என்பதே விதி. அதற்கு மேல் பிடிக்க வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. உங்கள் எட்டு பிட் சில்லில் அந்த வகை 16 பிட் அகலம் கொண்டது, அதனால் உச்ச அளவு சரியாக 32767. 1023ஐ 40ஆல் பெருக்கினால் 40920 வருகிறது. அது எல்லையைத் தாண்டியதும், எதிர்மறையும் ஏற்கும் குறியுள்ள எண்களில் நடப்பது வரையறுக்கப்படாத நடத்தை என்று, 2011இல் வந்த சி11 பதிப்பின் 6.5ஆம் பிரிவு, ஐந்தாம் பத்தி சொல்கிறது. உங்களுக்குக் கிடைத்த எதிர்மறை எண் பெரும்பாலும் −24616ஆக இருக்கும். அது 40920இலிருந்து 65536ஐக் கழித்தால் வரும் எண். கம்பைலர் அப்படித் தர வேண்டும் என்றும் விதி இல்லை, தரக் கூடாது என்றும் விதி இல்லை. ஆகவே கம்பைலரில் பிழை இல்லை. பெருக்குவதற்கு முன்பே இரண்டில் ஒரு எண்ணை நீள் முழு எண் வகைக்கு மாற்றிவிடுங்கள். அந்த வகை குறைந்தது 2147483647 வரை பிடிக்கும் என்பதற்கு உறுதி உண்டு. பெருக்கிய பிறகு மாற்றினால் பயனில்லை, அதற்குள் கெட வேண்டியது கெட்டுவிடும். இரண்டு சில்லிலும் ஒரே விடை வரும்.

மேலே சொன்ன பிரிவு எண்களை நான் விலை கொடுத்து வாங்கிய ஆவணத்திலிருந்து எடுக்கவில்லை. சி மொழியைப் பராமரிக்கும் ஐஎஸ்ஓ பணிக்குழுவான டபிள்யூஜி14, தன் வேலை வரைவுகளைத் தன் தளத்தில் எல்லோரும் படிக்கும்படி வைத்திருக்கிறது. 2011இல் வந்த பதிப்புக்கு முந்தைய கடைசிப் பொது வரைவின் எண் என்1570; அந்த ஆண்டு ஏப்ரல் மாதத்தது. 2024இல் வெளியான சி23 பதிப்புக்கு என்3220 என்ற வரைவு மிக நெருக்கமானது. 2018இல் வந்த சி17 பதிப்பில் புதிய வசதி எதுவும் சேரவில்லை, சி11இன் குறைகளைத் திருத்தியதோடு சரி. ஆகையால் சி11 வரைவை ஊன்றிப் படித்தவருக்குச் சி17 பெரிதும் கைவந்ததாகிவிடும்.

வரைவு என்றதும் அரைகுறை என்று எண்ணிவிடாதீர்கள். சில இடங்களில் விற்பனைக்கு வைத்த ஆவணத்தைவிட வரைவே கைக்கு வசதியானது. 1999 பதிப்புக்கு 2001, 2004, 2007 ஆகிய ஆண்டுகளில் மூன்று திருத்தங்கள் வெளிவந்தன. 1999 ஆவணத்தை வாங்கியவர் அந்த மூன்றையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு, எந்த வாக்கியம் மாறியது என்று தாமே பொருத்திப் பார்க்க வேண்டும். பணிக்குழு வெளியிட்ட என்1256 என்ற வரைவில் அந்த மூன்று திருத்தங்களும் உரிய இடங்களில் சேர்க்கப்பட்டு, ஒரே கோப்பாக இலவசமாகக் கிடைக்கின்றன.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். மொழியின் எந்தப் பதிப்பு என்பதை நிரலுக்குத் தெரிவிக்க ஒரு மேக்ரோ, அதாவது முன்பே வரையறுத்து வைத்த ஒரு பெயர், உண்டு. அதன் மதிப்பு ஆண்டும் மாதமும் சேர்ந்த ஓர் எண். 2011இல் அச்சாகி விற்பனைக்கு வந்த அதிகாரபூர்வ ஆவணத்திலேயே அந்த இடத்தில் ஆண்டின் கடைசி இலக்கமும் மாதமும் நிரப்பப்படாமல், வரைவில் இருந்தபடியே நின்றுவிட்டன. 2012இல் ஒரு திருத்தம் வெளியிட்டுத்தான் அதை 201112 என்று நிரப்பினார்கள். இதை யாரையும் குறை சொல்ல எழுதவில்லை, கிட்டத்தட்ட எழுநூறு பக்க ஆவணத்தில் இது நேரக்கூடியதுதான். விலை கொடுத்து வாங்கியதால் மட்டும் ஓர் ஆவணம் வரைவைவிடத் துல்லியமாகிவிடாது என்பதற்காகச் சொல்கிறேன்.

சி++ மொழிக்கும் இதே நிலைதான். 2011 பதிப்புக்கு என்3337, 2017க்கு என்4659, 2020க்கு என்4861, 2023க்கு என்4950 என்று வரைவுகள் உள்ளன. அதன் மூலக் கோப்புகளையே நிரல்களைப் பகிரும் கிட்ஹப் தளத்தில் திறந்து வைத்திருக்கிறார்கள். எந்த வாக்கியம் எப்போது, ஏன் மாறியது என்பதுகூட அங்கே தெரியும்.

படிவத்தைப் பொறுத்தவரை, இருப்பதை இருக்கிறபடியே எழுதிவிடுங்கள். சி11 விதிகளின்படி எழுதப்பட்டது, பணிக்குழுவின் என்1570 வரைவைப் பார்த்துச் சரிபார்க்கப்பட்டது என்று குறிப்பிட்டால், இந்தத் துறையை அறிந்தவர் எவரும் அதை ஏற்றுக்கொள்வார். பிரிவு எண்ணை எழுதும்போது பதிப்பையும் சேர்த்தே எழுதுங்கள். முழு எண்களின் எல்லை சி11இல் 5.2.4.2.1 என்ற பிரிவில் இருக்கிறது, சி23இல் அந்த எண் நகர்ந்துவிட்டது.

பதில்: பாளையங்கோட்டை ஆசிரியை

மேலே எழுதிய தம்பி வழியைத் தெளிவாகக் காட்டிவிட்டார். நான் வேறொரு பக்கத்தைப் பேச விரும்புகிறேன், ஏனென்றால் ஒவ்வோர் ஆண்டும் வகுப்பில் இதோடு மல்லுக்கட்டுகிறேன்.

சி மொழியைக் கற்பிக்கும் ஆசிரியர்களில் பெரும்பாலோர் அதன் விதிநூலைக் கண்ணால் பார்த்ததில்லை. அவர்கள் மேல் குற்றமில்லை. அந்த விலையில் ஓர் ஆவணத்தை வாங்க எந்தக் கல்லூரி நூலகமும் எளிதில் முன்வருவதில்லை, வரைவு இலவசமாக இருக்கிறது என்பதை எடுத்துச் சொல்ல ஆளும் இல்லை. அதன் விளைவு தேர்வுத் தாளிலேயே தெரிகிறது. ஒரே வரியில் ஒரு மாறியை இரண்டு முறை கூட்டிவிட்டு விடை என்ன என்று கேட்கும் கேள்விகளை நம் பக்கத்து மாணவர்கள் அனைவரும் எழுதியிருப்பார்கள். அப்படிப்பட்ட வரிக்கு விடையே கிடையாது, அது வரையறுக்கப்படாத நடத்தை என்று விதிநூல் வெளிப்படையாகச் சொல்கிறது. விதிநூல் ஆசிரியர் மேசையில் இருந்திருந்தால் அந்தக் கேள்வி தாளில் ஏறியிருக்காது. சரியாகப் பதில் சொன்ன பிள்ளைக்கு மதிப்பெண்ணும் போயிருக்காது. இருபதாயிரம் ரூபாய் என்பது பட்டறைக்கு மட்டும் பாரம் இல்லை என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

எல்லா மொழிகளும் இப்படிப் பூட்டி வைக்கப்படவில்லை. ஜாவாஸ்கிரிப்டுக்கு அடிப்படையான எக்மா-262, சி ஷார்ப்புக்கான எக்மா-334 இரண்டையும் எக்மா அமைப்பு காசு வாங்காமல் தருகிறது. ஜாவாவின் விதிநூல் இணையத்தில் முழுமையாகக் கிடைக்கிறது. அடா மொழியின் விதிநூலும் ஐஎஸ்ஓ தரநிலைதான். ஆனால் அதன் மேற்கோள் கையேட்டை எவரும் இலவசமாகப் படிக்கலாம். யுனிக்ஸ் வகை இயங்குதளங்களுக்கான போசிக்ஸ் விதிகளையும் ஓப்பன் குரூப் இணையத்தில் திறந்தே வைத்திருக்கிறது. மறுபக்கம், தரவுத்தளங்களுக்கான எஸ்கியூஎல்லைப் பாருங்கள். ஐஎஸ்ஓ 9075 என்ற அந்தத் தரநிலை பல பாகங்களாகப் பிரிந்து கிடக்கிறது, ஒவ்வொரு பாகத்துக்கும் தனி விலை. முழுத் தொகுதியையும் வாங்க எண்ணும் கல்லூரி அந்த ஆண்டு வேறு புத்தகம் எதையும் வாங்க முடியாது.

நாம் இங்கே தமிழில் எழுதிக்கொண்டிருப்பதே திறந்த தரநிலையால்தான் என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். யுனிகோடு தரநிலை எவருக்கும் இலவசம். அதற்கு இணையான ஐஎஸ்ஓ 10646 ஆவணத்தையும் ஐஎஸ்ஓ தன் இலவசப் பட்டியலில் வைத்திருக்கிறது. ஒரு கல்லூரி மாணவன் தன் அறையில் உட்கார்ந்து தமிழ் எழுத்துரு செய்ய முடிகிறதென்றால், எந்த எழுத்துக்கு எந்த எண் என்ற அட்டவணை அவன் கைக்கு எட்டுவதால்தான். ஐஎஸ்ஓவால் அந்த ஆவணத்தைத் திறந்துவைக்க முடியுமானால், கோடிக்கணக்கான வரிகள் எழுதப்பட்டுள்ள சி மொழியின் விதிநூலை ஏன் முடியாது என்ற கேள்விக்கு எனக்கு நியாயமான பதில் இதுவரை கிடைக்கவில்லை. நயினார்குளம் மார்க்கெட்டில் எல்லோரும் ஒரே எடைக்கல்லைப் பயன்படுத்த வேண்டும் என்று சொல்லிவிட்டு, அந்தக் கல்லின் எடை எவ்வளவு என்று தெரிந்துகொள்ளத் தனியாகக் காசு கேட்பது போலத்தான் இது இருக்கிறது.

நம் நாட்டில் ஒரு நல்ல மாற்றம் நடந்திருக்கிறது. இந்தியத் தரநிலைகளை மக்கள் இலவசமாகப் படிக்க முடிய வேண்டும் என்று 2015இல் டெல்லி உயர் நீதிமன்றத்தில் பொதுநல வழக்குத் தொடுத்தார்கள். பிஐஎஸ் எனப்படும் இந்தியத் தர நிர்ணய அமைவனம் பின்னாளில் தானே உருவாக்கிய தரநிலைகளை இலவசமாகப் பதிவிறக்க வழி செய்தது. ஐரோப்பிய நீதிமன்றமும் 2024 மார்ச் 5 அன்று, பொம்மைகளின் பாதுகாப்பு தொடர்பான தரநிலைகளைப் பற்றிய வழக்கில், சட்டத்தின் பகுதியாகிவிட்ட தரநிலைகளை மக்கள் பார்ப்பதில் மேலோங்கிய பொதுநலன் உண்டு என்று தீர்ப்பளித்தது. நிரல்மொழிகள் சட்டத்தின் பகுதி அல்ல, அதனால் அந்தத் தீர்ப்பு நமக்கு நேராகப் பொருந்தாது. ஆனால் காற்று எந்தப் பக்கம் வீசுகிறது என்பது தெரிகிறது.

பதில்: தென்காசி தரப் பிரிவு

அம்மா சொன்னதன் நியாயத்தை நான் மறுக்கவில்லை. ஆயினும் வாங்க வேண்டிய இடமும் உண்டு என்பதைப் பதிவு செய்ய வேண்டும், இல்லையென்றால் வள்ளியூர் அண்ணாச்சி நாளை ஒரு சிக்கலில் மாட்டிக்கொள்ளக்கூடும்.

ஐஎஸ்ஓ ஒரு வணிக நிறுவனம் அல்ல. 1947 முதல் இயங்கிவரும் அந்த அமைப்பு, உறுப்பு நாடுகள் கட்டும் சந்தாவையும் ஆவண விற்பனையையும் கொண்டே நடக்கிறது. அதே நேரத்தில், விதிகளை எழுதும் வல்லுநர்களுக்கு அந்த விற்பனைப் பணத்திலிருந்து ஊதியம் போவதில்லை என்பதும் உண்மை. அவர்கள் தங்கள் நிறுவனங்களின் செலவிலோ சொந்தச் செலவிலோதான் கூட்டங்களுக்குப் போகிறார்கள். அச்சு, பதிப்பு, அலுவலகம், நாடுகளுக்கிடையேயான வாக்கெடுப்பு ஆகியவற்றுக்கும் ஆள் வேண்டும், பணம் வேண்டும். விலை கூடுதல் என்று நானும் கருதுகிறேன்; விலையே இருக்கக் கூடாது என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

எங்கள் வேலையில் மருத்துவக் கருவி, வாகனம் தொடர்பான வாடிக்கையாளர்கள் வருவார்கள். அத்தகைய ஒப்பந்தங்களில் இன்ன எண், இன்ன ஆண்டு ஆவணம் என்று பெயர் சொல்லிக் குறிப்பிட்டிருந்தால், தணிக்கைக்கு வருபவர் வரைவை ஏற்கமாட்டார். அங்கே வெளியிடப்பட்ட ஆவணத்தை உரிமத்தோடு வைத்திருப்பதுதான் ஒழுங்கு. ஆகவே அண்ணாச்சி, அந்தப் படிவத்தை நிரப்புவதற்கு முன்னால் ஒப்பந்த வரைவைக் கேட்டு வாங்கிப் படித்துவிடுங்கள். படிவத்தில் சும்மா கேட்டிருக்கிறார்களா, ஒப்பந்தத்திலேயே கட்டாயம் ஆக்கியிருக்கிறார்களா என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. கட்டாயம் என்றால், அந்தச் செலவை விலைப்பட்டியலில் தனி வரியாகப் போட்டு அவர்களிடமே கேட்கலாம்; எங்களிடம் அப்படிக் கேட்ட சிறு பட்டறைகளுக்கு நாங்கள் கொடுத்திருக்கிறோம்.

வாங்குவது என்று முடிவானாலும் ஜெனீவாவில் இருக்கும் ஐஎஸ்ஓவிடமே வாங்க வேண்டும் என்பதில்லை. ஒவ்வொரு நாட்டின் தர அமைப்பும் ஐஎஸ்ஓ ஆவணத்தை அப்படியே ஏற்றுத் தன் விலையில் விற்கலாம். சி99 எனப்படும் 1999 பதிப்பின் பிடிஎஃப்பை ஒரு காலத்தில் அமெரிக்காவில் 18 டாலருக்கு விற்றார்கள். சி++ மொழியின் 2011 பதிப்பு அங்கே 30 டாலருக்குக் கிடைத்தது. எழுத்துக்கு எழுத்து அதே ஆவணம்தான். நம் பிஐஎஸ் அமைப்பும் ஐஎஸ்ஓ ஆவணங்கள் பலவற்றை இரட்டை எண்ணோடு இந்தியத் தரநிலையாக ஏற்று, ரூபாயில் குறைந்த விலைக்குத் தருகிறது. உங்களுக்கு வேண்டிய எண்ணும் ஆண்டும் அந்தப் பட்டியலில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். ஆண்டு மிக முக்கியம். பழைய பதிப்பை வாங்கிவிட்டுப் பிறகு அது பொருந்தாது என்று தெரிந்தால் பணம் திரும்பாது.

கேள்வி கேட்டவர்: வள்ளியூர்ப் பட்டறை

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. பெருக்கல் வரியைத் திருத்திவிட்டோம், பழைய சில்லிலும் மோட்டார் ஒழுங்காகக் கிளம்புகிறது. தம்பியும் என்1570இல் அந்தப் பத்தியைத் தானே படித்துப் பார்த்து ஒப்புக்கொண்டார். ஒப்பந்த வரைவையும் கேட்டு வாங்கிவிட்டேன். அதில் ஐஎஸ்ஓ எண் எதுவும் இல்லை, கேள்வி படிவத்தில் மட்டுமே இருக்கிறது.

இன்னும் ஒரு சந்தேகம். பட்டறையில் இருக்கும் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் படிக்கச் சிரமம். எங்களுக்கு அடிக்கடி தேவைப்படும் பிரிவுகளை மட்டும் தமிழில் எழுதி மேசைக்கு மேலே ஒட்டி வைக்கலாமா? உரிமைச் சிக்கல் வருமா?

பதில்: கங்கைகொண்டான் நிரலர்

அண்ணாச்சி, வரைவின் முன்பக்கத்திலேயே அது ஐஎஸ்ஓவின் பதிப்புரிமைக்கு உட்பட்டது என்று குறிப்பிட்டிருக்கிறார்கள். அதனால் வரைவைப் படிக்கலாம், அதன் இணைப்பை மற்றவர்களுக்குக் கொடுக்கலாம். முழுவதையும் அச்சடித்து விற்கவோ, வரிக்கு வரி மொழிபெயர்த்து வெளியிடவோ கூடாது. மொழிபெயர்ப்பு உரிமையும் நம் 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி உரிமையாளருக்கே உரியது. தனிப்பட்ட பயன்பாட்டுக்கும் ஆய்வுக்கும் நியாயமான அளவில் கையாள்வதை அதே சட்டத்தின் 52ஆம் பிரிவு அனுமதிக்கிறது.

ஆனால் உங்களுக்குத் தேவை மொழிபெயர்ப்பு இல்லை. பதிப்புரிமை எழுதிய வாக்கியத்துக்குத்தான், அது சொல்லும் விதிக்கு இல்லை. சாதாரண முழு எண் 32767 வரைதான் உறுதி, அதைத் தாண்டக்கூடிய பெருக்கலில் முதலிலேயே நீள் வகைக்கு மாற்று, ஒரே வரியில் ஒரு மாறியை இரண்டு முறை மாற்றாதே என்று உங்கள் சொந்தச் சொல்லில் எழுதி, பக்கத்தில் சி11 பிரிவு எண்ணைப் போட்டு ஒட்டுங்கள். அதற்கு யாருடைய அனுமதியும் வேண்டாம். பாளை அம்மா இசைந்தால், அந்தத் தாளை இங்கேயே பதிவிடுங்கள். அவர் சரிபார்த்துத் தந்தால் வகுப்பிலும் கொடுக்கலாம்.

பதில்: பாளையங்கோட்டை ஆசிரியை

தாராளமாக அனுப்புங்கள். ஒவ்வொரு விதிக்கும் கீழே உங்கள் பலகையிலிருந்து ஒரு வரி நிரலையும் சேர்த்துவிடுங்கள். மோட்டார் நின்றுபோன அந்தப் பெருக்கல் முதல் எடுத்துக்காட்டாக இருக்கட்டும். பிரிவு எண்களை என்1570இலும் என்3220இலும் ஒப்பிட்டு, இரண்டு பதிப்பின் எண்களையும் நான் போட்டுத் தருகிறேன்.